இந்த வருசம் ஒண்டும் சாகல்ல

என்ட மச்சாள் றஜிதா கம்பஸில சுற்றாடல் விஞ்ஞானப் பகுதிக்கு ஹெட். கற்பிட்டியில கடலுக்குப் போற வீட்டில பிறந்து அந்த இடத்துக்குப் போனவ. ஃபாதர் இப்பவும் பிரசங்கத்தில அவட பேரை இழுக்காம விடமாட்டார். ஹெட் எண்டா ராசாத்தி மாதிரி எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். ஒருக்கா அவட அறையில போய் இருந்து பாத்தன். ரெண்டு லெக்சரர்மார் சண்டை பிடிச்சா அதை இவதான் தீர்க்க வேணும். படிக்கிற பிள்ளைகளைக் களப்புக்குக் கூட்டிப் போற வானுக்கு டீசல் இல்லையெண்டா இவதான் ஆரிட்டயாவது கெஞ்ச வேணும். மத்தியானம் நிண்டபடியே பாணைப் பருப்பில தோய்ச்சு விழுங்கினா. இதுக்கோ மச்சாள் இவ்வளவு படிச்சீங்க எண்டு கேட்டன். சிரிச்சா. அப்ப சிரிக்கிறவ.

அவட உயிரெல்லாம் கடற்பன்றியிலதான். கடற்பசு எண்டும் சொல்லுவாங்க, கரையோட ஆழமில்லாமக் கிடக்கிற களப்புக்குள்ள புல்லுத் தின்னுற சாதுவான சீவன். மூச்செடுக்க மேல வரவேணும், வலையில சிக்கினா வர ஏலாமச் செத்துப்போகும். சட்டம் காப்பாத்துற சீவன், செத்தது தெரிஞ்சா கேஸ். அதால எங்கட ஆக்கள் கல்லுக் கட்டித் தாட்டுப்போட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருவாங்க. எத்தின சாகுதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

மச்சாள் ஹெட்டா வந்த கையோட செஞ்ச வேலை இதுதான். கரை கரையா வந்து மணலில இருந்து, செத்தா எனக்குக் கோல் எடுங்க, உடம்பை மட்டும் தாங்க, உங்கட பேர் என்னைத் தாண்டிப் போகாது எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்தா. எங்கட பிள்ளையல்லோ, ஆக்கள் நம்பினாங்க. கோல் வரத் தொடங்கிச்சு. அந்த நாத்தத்தோட பிள்ளைகள் வானில ஏத்திக்கொண்டு போய் வெட்டிப் பாத்து, எந்தப் பக்கம் மேயுதெண்டு கண்டுபிடிச்சாங்க. அந்தப் பக்கம் வலை போடாதீங்க எண்டு அவ சொல்ல, ஆக்களும் கேட்டாங்க. பேர் கேட்டு மேலிடத்தால எத்தினையோ தரம் நெருக்கினவங்க. அவ வாயே திறக்கல்ல.

போன வருசம் ஈஸ்டருக்கு முதல் ஒண்டு றொபிட வலையில பட்டுது. றொபி என்ட புருசன், மச்சாள்ட கூடப்பிறந்த தம்பி. கூடப் போன வின்சன்ட் தாட்டிடுவம் எண்டிருக்கிறான். இவர் கேக்கல்ல. அக்காவுக்குக் கோல் எடுத்தார். வயித்தில குட்டி இருந்திருக்கு. அதை ஆரோ படம் பிடிச்சு ஃபேஸ்புக்கில போட, கொழும்பெல்லாம் கொந்தளிச்சுது. ஆரிட வலையெண்டு திரும்பவும் மேலிடத்தால கேட்டாங்க. அந்த முறை மச்சாள் தம்பிட பேரைச் சொன்னா.

வள்ளமும் வலையும் கோட்டுக்குப் போச்சு. பஸ் ஏறிக் கம்பஸுக்குப் போய், படிக்கிற பிள்ளைகள் பாத்துக்கொண்டு நிக்க, வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினன். அவ கதவைச் சாத்திப்போட்டு வந்து இருந்தா.

"வேற ஒருத்தன்ட வலையெண்டா சொல்லியிருக்க மாட்டன் மாக்கிறட். தம்பி எண்டபடியாத்தான் மறைக்க ஏலாமப் போச்சு. தம்பியைக் காப்பாத்திட்டா எண்டு சொல்லுவாங்க."

"சொல்லிட்டுப் போகட்டுமே மச்சாள்."

அவட கண்ணில ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்ல. அழுதிருந்தா நானும் கூட இருந்து அழுதிருப்பன், கோவம் ஆறியிருக்கும். தேத்தண்ணி ஊத்தித் தந்தா. நானும் குடிச்சிட்டு வந்தன். ஏன் குடிச்சன் எண்டு இண்டைக்கும் விளங்கல்ல.

கேஸ் தவணை தவணையாப் போகுது. றொபி வெங்காயத் தோட்டத்துக்குப் போறார், இல்லாட்டி வின்சன்ட்ட வள்ளத்தில கூலிக்குப் போறார். அக்காவைப் பத்தி ஒரு குறை சொன்னதில்ல. சொன்னாலும் பரவாயில்ல எண்டிருக்கும் எனக்கு. கரையில ஆக்கள் கதைச்சது ஒண்டுதான். சொந்தத் தம்பியையே குடுத்தவ எங்களைக் குடுக்க மாட்டாவோ? அதுக்குப் பிறகு ஒரு கோலும் போகல்ல.

இந்த வருசம் தலவிலக் கோயில் அன்னம்மா திருவிழாவுக்கு மச்சாள் வந்தா. மத்தியானம் எங்கட வீட்டில சாப்பாடு. கம்பஸில கூட்டம் வச்சுப் பாராட்டினவங்களாம். ஒரு வருசமா ஒரு கடற்பன்றியும் சாகல்ல, எல்லாம் இவட பகுதி செஞ்ச வேலையாம். பஸ் போர்டை வாசிக்கிற மாதிரிச் சொன்னா. நல்லம் மச்சாள் எண்டன்.

றொபி கை கழுவ வெளிய போன நேரம், சோத்தைப் பிசைஞ்சபடி கேட்டா.

"உண்மையைச் சொல்லு. இந்த வருசம் எத்தின?"

எனக்குத் தெரிய மூண்டு. கடைசியா வந்தது வின்சன்ட்ட வலையில. அதுக்குக் கல்லுக் கட்டினது றொபி. வின்சன்ட்ட பொஞ்சாதி சொல்லித்தான் எனக்கே தெரியும், இவர் வீட்டில மூச்சு விடல்ல. மூண்டெண்டு சொன்னா அடுத்தது ஆரெண்டு கேப்பா. கேக்கிறது அவட வேலை. சொன்னா அவ என்ன செய்வாவெண்டு எனக்குத் தெரியும்.

"ஒண்டும் இல்ல மச்சாள்."

அவ என்னைப் பாக்கல்ல. கிணத்தடியில நிண்ட தம்பியைப் பாத்தா.

"ஓம். அப்ப றிப்போட்டில அப்படியே எழுதுறன்" எண்டு சொல்லிப்போட்டு மிச்சச் சோத்தையும் சாப்பிட்டு முடிச்சா.