கொலைகாரன் கிடைக்காத மடம்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஊர்க்காரர் அமிர்தநாதன் வீடு எது என்று ஒன்பது பேரிடம் கேட்டேன். ஒன்பது பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். எங்கள் ஊரில் முதல் பட்டதாரி நான். கையில் இருந்த முகவரியை எழுத்துப் பிசகாமல் வாசித்தும் காட்டினேன். பிரயோஜனம் இல்லை. அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர், நெட்டையான ஆள், கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவர் என்று அடையாளம் சொன்ன பிறகுதான் பத்தாவது ஆளான டீக்கடைக்காரர் சிரித்தார்.

“யூதாஸ் அண்ணனா? அத மொதல்லயே சொல்லப்படாதாவே. இந்தா, மூணாவது சந்து.”

அமிர்தநாதன் செய்த பாவம் ஒன்றே ஒன்றுதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், பெரிய வெள்ளிக்கிழமைப் பாஸ்கு நாடகத்தில் யூதாஸாக நடித்தார். கொஞ்சம் நன்றாகவே நடித்துவிட்டார். முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுக்கிற இடத்தில் கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது. செருப்பைச் சொந்தக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதே நாடகத்தில் இயேசுவாகச் சிலுவை சுமந்தவர் மறுவாரமே குடித்துவிட்டு மச்சினன் மண்டையை உடைத்தார். அவரை யாரும் இயேசு என்று கூப்பிடவில்லை. நல்ல பெயருக்கு எங்கள் சனங்களிடம் மூன்று நாள்தான் ஆயுசு. கெட்ட பெயர் ரேஷன் கார்டு கேட்காமல் குடும்பத்தோடு குடியேறிவிடும். லூசியம்மாள் யூதாஸ் பெஞ்சாதி ஆனாள். ஷைனி யூதாஸ் மகளாகவே பிறந்தாள். பங்குச் சாமியார்கள் ஆறு வருஷத்துக்கு ஒருவர் மாறினார்கள்; வந்தவருக்கெல்லாம் கோயில் சாவிக்கொத்தோடு இந்தப் பெயரும் ஒப்படைக்கப்பட்டது.

இதையெல்லாம் சகித்துக்கொண்டுதான் மனிதர் வண்டி ஓட்டினார். ஷைனிக்கு உல்லாஸ்நகரில் ரெனால்ட் என்கிற பையனைப் பேசி முடித்தபோதுதான் பெயரை மறைக்கத் தொடங்கினார். பெண் பார்த்தது, கை நனைத்தது எல்லாம் தாதர் ஓட்டல் ஒன்றில். சம்பந்தி வீட்டார் தாராவிப் பக்கம் எட்டிப் பார்க்காதபடி சாமர்த்தியமாக நடத்திவிட்டார். ஆனால் ரெனால்டின் அம்மா ஆனி, மருமகளின் கோயில் திருவிழாவைப் பார்த்தே தீர வேண்டும் என்றாள். திருவிழா முடிந்தால் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். ஓலையில் அமிர்தநாதன் என்றுதான் வரும். திருவிழாவில் சந்துக்கு நாலு வாய் இருக்கிறதே, அதை யார் மூடுவது? காட்டிக்கொடுத்தவன் வீட்டில் பெண் எடுக்க எந்தத் தாய் துணிவாள் என்று அவர் உருகினார்.

ஒரு பெயரை இன்னொரு பெயரால்தான் துடைக்க முடியும் என்று தீர்மானித்தார். அந்த வருஷத் திருவிழா நாடகத்தைத் தானே எழுதினார். எழுநூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பா. மலைமேல் ஒரு மடம். மடத்துத் தலைவர் கஞ்சியில் விஷம் கலந்து கொல்லப்படுகிறார். வெளியூரிலிருந்து வருகிற ஒரு துறவி துப்பறிந்து கண்டுபிடிக்கிறார். அந்தத் துறவி அமிர்தநாதன். நாடகம் முடிந்ததும் சனங்கள் ‘சாமியார் அண்ணன்’ என்று கூப்பிடத் தொடங்குவார்கள் என்பது கணக்கு. அந்தக் காலத்து மடத்தில் கஞ்சி உண்டா என்று என்னிடம் கேட்டார். நான் சரித்திரத்தில் பி.ஏ. எந்த நாட்டில் ஏழை இருந்தானோ அந்த நாட்டில் கஞ்சியும் இருந்திருக்கும் என்றேன். அவருக்குத் திருப்தி.

ஏற்றுமதிக்குத் தேறாமல் போன காப்பிப்பொடி நிறத் துணியில் அங்கிகள் தயாராயின. பிணமாக நடிக்க ஏழு பேர் போட்டி போட்டார்கள். செத்தவனுக்குக் கெட்ட பெயர் வராது பாருங்கள்.

கொலைகாரன் மருந்துக்குப் பொறுப்பான துறவி. அந்த வேஷம், சந்து ஜெபக்கூட்டத்தை நடத்துகிற அன்பியத் தலைவர் ஜோன்ஸுக்கு. மூன்றாவது ஒத்திகையில்தான் ஜோன்ஸ் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். வாசித்ததும் அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

“நீரு சுமக்குதது பத்தாதுன்னு எனக்கும் ஒண்ணு ஏத்தி விடுதீரா? நாளைக்கு எம் மவன ‘கொலகாரன் மவன்’னு சொல்லுவானுவ. நான் நிரபராதிவே. எழுதும்.”

எழுதினார். பழி சமையல் துறவியின் மேல் போனது. மறுநாள் அந்த ஆளின் மனைவி வந்தாள். அவள் அறுபது ஆபீஸுக்கு டப்பா சோறு அனுப்புகிறவள். விஷம் வைத்த சமையல்காரன் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் தன் சோற்றை எந்த நாய் தொடும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எழுதியதை அடித்துவிட்டுத் தோட்டக்காரத் துறவியைக் கொலைகாரனாக்கினார். அந்த வேஷக்காரருக்குத் தன் தம்பிக்குப் பெண் பார்க்கிற அவசரம். மணி அடிக்கிற துறவி நிஜத்திலும் கோயில் மணி அடிப்பவர். கேட்டதும் அவர் மணியடிக்கப் போய்விட்டார். கடைசியில் மடத்தில் மிஞ்சியது ஒரு பிணமும் பாவமே அறியாத நாலு சம்மனசுகளும்தான்.

ஸ்டாஃப் பஸ்ஸில் டிரைவர் பக்கத்து சீட் எப்போதும் மாட்டுங்காவிலிருந்து ஏறும் விஞ்ஞானி வைத்தீஸ்வரனுடையது. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார்.

“கொலை நடந்திருக்கு, பண்ணினவன் ஒருத்தனும் இல்லேங்கறேள். எங்க டிபார்ட்மெண்ட் மாதிரின்னா இருக்கு. தற்கொலைன்னு வெச்சுடுங்கோ, ஃபைலை மூடிடலாம்.”

வைத்தார். மடத்துத் தலைவர் தற்கொலை செய்துகொள்வது திருவிழாவுக்கு ஆகாது என்று பங்குச் சாமியார் சிவப்புப் பேனாவால் அடித்தார். மாரடைப்பு என்று போடலாம்; அப்புறம் விசாரணை எதற்கு, முதல் காட்சியிலேயே அடக்கப் பூசை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாமே. பிசாசு கொன்றது என்று வைக்கலாம் என்றார் ஜோன்ஸ். பிசாசாக யார் நடிப்பது என்று கேட்டதும் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில், ‘கொன்றவன் நம்மில் ஒருவன், அவன் யாரென்று ஆண்டவர் அறிவார்’ என்று துறவி கைகூப்புவதோடு திரை விழும்படி முடித்தார். லூசியம்மாள் மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்.

திருவிழா அன்று சாயங்காலம். முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் ரெனால்ட், ஆனி, அவள் வீட்டுக்காரர். நாடகம் நன்றாகவே போனது. அமிர்தநாதன் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, கஞ்சிச் சட்டியை முகர்ந்து, ஒவ்வொரு துறவியாக மடக்கினார். ஒவ்வொருவரும் கண்ணீர் மல்கத் தான் குற்றமற்றவன் என்று நிரூபித்தார்கள். கடைசியில் அவர் கைகூப்பி, ஆண்டவர் அறிவார் என்றார். திரை இறங்கவில்லை. திரை இழுக்கிறவனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடைக்காகக் காத்திருந்தான்.

“யாருவே கொன்னது? சொல்லிட்டுப் போவும்” என்று கூட்டம் கத்தியது. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளைக் காட்டாமல் விடுவார்களா? மேடையில் நாலு துறவிகளும் தரையைப் பார்த்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது.

“ஏ யூதாஸ் அண்ணே, காட்டிக்குடுக்க ஒமக்கா தெரியாது?”

மொத்தக் கோயில் முற்றமும் சிரித்தது. அமிர்தநாதன் முதல் வரிசையைப் பார்த்தார். ஆனி தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், முடிந்தது. மூன்று மாதம் எதைப் பொத்திப் பொத்தி வைத்தாரோ அது மைக் இல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டது. இனி இழக்க ஒன்றும் இல்லாதவருக்கு வருகிற தைரியம் அவருக்கு வந்தது. தலையில் இருந்த முக்காட்டைத் தள்ளினார்.

“நான்தான்வே. கஞ்சியில வெசத்தக் கலந்ததும் நான்தான், விசாரிச்சதும் நான்தான். இந்த மடத்துல வேற எவனும் பாவம் செய்ய மாட்டான்லா. எல்லாத்தையும் எம் பேர்லயே எழுதுங்க.”

செத்துக்கிடந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கைதட்டு. ஜோன்ஸ்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். அவர் மடியில் இருந்த கனம் இறங்கிவிட்டதே.

மேடைக்குப் பின்னால் அங்கியைக் கூடக் கழற்றாமல் அமிர்தநாதன் உட்கார்ந்திருந்தபோது ஆனி வந்தாள். அவர் எழுந்து நின்றார். தண்டனையை நின்றுகொண்டு கேட்பதுதான் மரியாதை.

“அண்ணாச்சி, ஒங்களத்தான் யூதாஸ்னு கூப்பிட்டாவளா?”

ஆமாம் என்று தலையாட்டினார்.

ஆனி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெருமூச்சு விட்டாள். “எங்க வீட்டுக்காரர உல்லாஸ்நகர்ல பிலாத்துன்னுதான் சொல்லுவாவ. பதினெட்டு வருசமாச்சு, பாஸ்குல ஒருநா கை கழுவுனதுக்கு. ஒங்க காதுல விழுந்துறப்படாதேன்னுதான் தாதர் ஓட்டலுக்கே நாங்க சம்மதிச்சது.”

ஓலை மூன்று ஞாயிறும் வாசிக்கப்பட்டது. ஆட்சேபணை சொல்ல ஒருவரும் எழவில்லை. யூதாஸும் பிலாத்தும் சம்பந்தியானதில் தாராவிக்கு மட்டும் மூன்று மாதத்துக்குச் சிரிப்பு ஓடியது.

அமிர்தநாதன் இப்போது தாராவியை விட்டு மான்குர்த்தில், நாலாவது மாடியில், லூசியம்மாளோடு இருக்கிறார். ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம். பஸ் ஓட்டுகிறார். நாடகம் எழுதுவதில்லை.