பின் விளக்கும் இருமல் இலேகியமும்

மோட்டார் சைக்கிளின் பின் விளக்கு எரியாவிட்டால் குற்றம் ஓட்டுபவருடையது. பின்னால் உட்கார்ந்திருப்பவரை அது தொடாது. ஒரு நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான்; இதை நித்திரையிலும் சொல்வேன்.

2000ஆம் ஆண்டு வவுனியா நகருக்குள் நுழையும் சந்தியொன்றில் போக்குவரத்துப் பொலிஸார் எங்களை மறித்தது அந்த விளக்குக்காகத்தான். ஓட்டியவர் என் பக்கத்து வீட்டுக்காரர். மலையகத்திலிருந்து வந்து குடியேறி, சந்தையில் மரக்கறி விற்றவர். பின்னால் இருந்தவன் நான். என் மடியில் ஒரு பழைய பால்மா டின். அதற்குள் எங்கள் நாட்டு வைத்தியர் பரியாரியார் என் இருமலுக்குக் கிண்டித் தந்த இலேகியம்.

பக்கத்து வீட்டுக்காரரை எல்லோருக்கும் பிடிக்கும். எங்கள் வீட்டில் கறி ருசியாக வந்துவிட்டால் முதல் கிண்ணம் வேலிக்கு மேலால் அவருக்குப் போகும். நான் சோறு போட்டு வளர்த்த நாய் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குத்தான் வாலாட்டும்.

பொலிஸ்காரர் டின்னைத் திறந்து மணந்து பார்த்தார். கஞ்சாவா என்று கேட்டார். பரியாரிமார் சிலர் இலேகியத்தில் அதையும் சேர்ப்பதுண்டு என்பது நாடறிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சிங்களத்தில் சிரித்துப் பேசத் தொடங்கினார். இந்தக் கிழவர் இரவிரவாக இருமுகிறார், ஒழுங்கையில் ஒருவருக்கும் நித்திரை இல்லை, வேண்டுமானால் நீங்களும் ஒரு விரல் நக்கிப் பாருங்கள் என்றார். பொலிஸார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிங்களம் எனக்கும் தெரியும். பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவன். என் சிங்களத்துக்கு எவரும் சிரித்ததில்லை.

பொலிஸ்காரர் டின்னை மூடி என்னிடம் நீட்டினார்.

"சரி சேர், ஏறுங்க," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"கொஞ்சம் பொறுங்கோ."

அவர்களில் மூத்தவரான சார்ஜனைப் பார்த்து, பரீட்சைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னேன்: சந்தேகம் இல்லையென்றால் திறந்தது பிழை; சந்தேகம் உண்டென்றால் என் கண் முன்னால் தராசில் நிறுத்து, உறையிட்டு, அரக்கு முத்திரை வைத்து, பற்றுச்சீட்டுத் தந்து, அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும்.

"ஏன் சேர்? அதான் விட்டுட்டாங்களே!"

"பகிடிக்கு விடேலாது. நடைமுறை எண்டு ஒண்டு இருக்கு."

"நடைமுறைய வீட்டுல போய்ப் பேசுவோம். ஏறுங்க சேர், கும்பிடுறேன்."

சார்ஜனின் சிரிப்பு நின்றது. ஐயா சொல்வது சரி என்றார். சந்தியில் அரக்கு இருக்கவில்லை. ஆகவே டின்னும் நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். விளக்குக்காரரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். கஞ்சா வைத்திருந்த சந்தேகத்தில் என்னைக் கைது செய்தார்கள். தந்த பற்றுச்சீட்டில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் நான் வேலை பார்த்த அதே மண்டபத்தில், கூண்டுக்குள் நின்றேன். பதிவாளரின் உச்சி வழுக்கை அங்கிருந்து அப்படியே தெரியும். இத்தனை வருடம் என் வழுக்கையை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. குற்றவாளியென்று தீர்ந்தால் பெயரோடு ஓய்வூதியமும் போகும்.

பிணைக்கு நின்றவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. அதற்குத் தேவையான கிராம சேவகரின் உறுதிப்படுத்தலை மத்தியானத்துக்குள் வாங்கிவிட்டார். அதற்கு நான் மூன்று நாள் என்று கணக்கு வைத்திருந்தேன்.

"பாவம், அந்தத் தம்பி காலமை தொடக்கம் ஒரு வாய் தண்ணி குடிக்கேல்லை," என்றாள் மனைவி.

"நானும்தான் குடிக்கேல்லை."

"உங்களை ஆர் அங்க சட்டம் படிப்பிக்கச் சொன்னது?"

அன்றிரவு எனக்கென்று பொரித்த மீனில் நடுத்துண்டு அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இருந்தது.

பகுப்பாய்வு அறிக்கை வராமல் வழக்குத் தவணை மேல் தவணையாகப் போனது. நான் பகுப்பாய்வாளருக்கு முறைப்படி எழுதினேன், பதிவுத் தபாலில். பிறகு நினைவூட்டல்கள். பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தார்.

ஒரு தவணையில் அறிக்கை வந்திருந்தது. திப்பிலி, மிளகு, சுக்கு, கருப்பட்டி. அபாயகரமானது எதுவும் இல்லை. என்னை விடுவித்தார்கள். ஒழுங்கை முழுவதும் திரண்டு போய் அவரோடு தேங்காய் உடைத்தது. சிதறிய தேங்காய்ச் சொட்டில் ஒன்றைப் பொறுக்கி வந்து மனைவி என் கையில் வைத்தாள்.

"பிள்ளையார் அவரின்ரை நேர்த்திக்கு மனமிரங்கிட்டார்."

"என்ரை கடிதங்களுக்கு இரங்கியிருக்கலாம்."

"அதுக்குப் பதில் வந்ததோ?"

வரவில்லை. வந்தால் அதைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டுவது, அவர் தேநீர் குடிக்க வந்து உட்காரும் கதிரைக்கு நேர் எதிரே, என்று தீர்மானித்திருந்தேன். தபால்காரரை நாள்தோறும் படலையில் நின்று பார்த்தேன்.

கடைசியில் பதில் வந்தது. என் முதற் கடிதம் கிடைத்தது என்றும், அதை இனித்தான் உரிய பிரிவுக்கு அனுப்புவார்கள் என்றும் அதில் இருந்தது. பக்கத்து வீட்டில் என் மனைவி அந்த வீட்டாரோடு சேர்ந்து முற்றம் மெழுகிக்கொண்டிருந்தாள். 2001ஆம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு முதல் நாள்.