வளைவின் மறுபாதி

"கடதாசியில கீறினது காத்துக்கு நிக்குமோ பிள்ளை? மனிசனுக்கே ரெண்டு கண்ணும் சமனில்ல. கோயில் வளைவுக்கு ரெண்டு காலும் சமனா நிண்டு என்னத்தக் காணப் போறம்?"

தெற்குப் பாட்டுச் சம்மாட்டியார் இப்படிக் கேட்டுவிட்டுச் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். சம்மாட்டியாரின் வலையில் கயிறு இழுப்பவர் வேறென்ன செய்வார்? நான் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர் கற்பிட்டிக் குடாநாட்டில், மேற்கே கடலுக்கும் கிழக்கே கடல்நீர் ஏரியான களப்புக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. கரையில் இரண்டு பாடுகள். வலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி தன் கரைவலையைப் போட்டு இழுக்க உரிமையுள்ள கரைத்துண்டுதான் பாடு. வடக்குப் பாட்டுக்கு ஒரு சம்மாட்டி, தெற்குப் பாட்டுக்கு ஒரு சம்மாட்டி. இரண்டுக்கும் நடுவில், கடலைப் பார்த்தபடி மாதா கோயில். திருநாளுக்கு வாசலில் எழுப்பும் வளைவில் வடக்குக் கால் வடக்காருடையது, தெற்குக் கால் தெற்காருடையது. வலையும் சாமானும் வைக்கும் ஓலை வாடிக்குள் அவரவர் தங்கள் பாதியைக் கட்டிப் பாய்ச்சீலையால் மூடி வைப்பார்கள். திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் தோளில் தூக்கிவந்து நிறுத்தும்வரை மற்றப் பாட்டார் பார்க்கக் கூடாது. பெண்கள் வாடிப் பக்கம் போகவே கூடாது.

இப்படிக் கட்டினால் எப்படி நிற்கும்? ஒவ்வொரு பாட்டாரும் தங்களில் நெடிய ஆளின் விரித்த கைகளால் பாகம் அளந்தார்கள். போதாததற்கு, மற்றவரை விட ஒரு சாண் கூட இருக்கட்டும் என்று இரகசியமாகக் கூட்டினார்கள். முந்திய வருடம் உச்சியில் வைத்த சிலுவை தெற்கே சரிந்து நின்றது. பக்கத்து ஊரான முந்தலிலிருந்து திருநாளுக்கு வந்த ஒருவர் அண்ணாந்து பார்த்து, "உங்கட வளைவுக்குக் கழுத்துச் சுளுக்கோ?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வி ஊரில் ஒரு வருடம் ஓடியது.

இந்த முறை ஆயரான மேற்றிராணியார் வருவதாக இருந்தது. கோயில் சுவாமியார் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, கன்னியர் மடத்தில படம் கீறப் படிச்சனீ எல்லே? ரெண்டு பாட்டுக்கும் ஒரு படம் கீறிக் குடு" என்றார்.

என் வீட்டில் எனக்கு முன் யாரும் பேனா பிடித்ததில்லை. நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை படித்துச் சித்தியடைந்திருந்தேன். கொழும்பில் ஆசிரியப் பயிற்சிக்கு எனக்கு ஓர் இடம் இருப்பதாக மடத்துத் தலைவி மதர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு விருப்பம்தான். ஆனால் எங்கள் பாட்டில் ஒரு குமர்ப்பிள்ளையைத் தூர ஊருக்கு அனுப்புவதென்றால் சம்மாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். அப்பா கேட்டார்; சுவாமியார் என்னை வளைவுக்குப் படம் கீறச் சொன்னதையும் சொன்னார். அதற்குத்தான் சம்மாட்டியார் முதலில் அந்தச் சிரிப்பைச் சிரித்து, பிறகு தீர்ப்பும் சொன்னார்:

"சரி. இவ கீறினபடி வளைவு சமனா நிண்டா கொழும்புக்குப் போகட்டும். கோணினா வீட்டில இருந்து தாயோட கருவாடு பிளக்கட்டும்."

"ஓம், சம்மாட்டியார்" என்றார் அப்பா.

"ஓம்" என்று நானும் சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

சமன் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த ஆசை என்று பலர் நினைத்தார்கள். அது எங்கள் முற்றத்தில் கிடைத்தது. அம்மா கட்டா மீனை முதுகால் பிளந்து, முள்ளை நீக்கி, வயிற்றுத் தோலில் ஒட்டியிருக்க விட்டு விரித்து வைப்பார். ஒரு மீன் இரண்டாகும். இந்தப் பக்கத்துக் கண்ணுக்கு நேரே அந்தப் பக்கத்துக் கண், செதிலுக்கு நேரே செதில். சின்ன வயதில் நான் அவற்றை மூடி மூடித் திறந்து அடி வாங்கியிருக்கிறேன். அடித்த அம்மாவே பாயில் மீன் பரப்பும்போது ஒரு தலை மாறிக் கிடந்தால் திரும்பி வந்து நேராக்கிவிட்டுப் போவார். அவர் எனக்கு வகிடு எடுக்கும்போது ஒரு மயிர் அந்தப் பக்கம் போனாலும் அவிழ்த்துத் திரும்பப் பின்னுவார். மாதா படத்துக்கு முன்னால் ஒரு விளக்குத்தான் இருக்கிறதென்றால் அயல்வீட்டில் இன்னொன்று இரவல் வாங்கி இரண்டு பக்கமும் வைப்பவர்கள் எங்கள் பெண்கள். சமன் வேண்டாம் என்று சொன்ன சம்மாட்டியாரே கோயிலுக்கு வரும்போது தோளில் போட்ட சால்வையின் இரண்டு நுனியையும் குனிந்து பார்த்து இழுத்துச் சரிசெய்வார். நான் பின்வரிசை வாங்கில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே அவருக்கும் அந்த ஆசை உண்டு என்பது எனக்குத் தெரியும். மற்றப் பாட்டாருடன் பங்குபோட்டுக்கொள்ளத்தான் அவருக்கு மனமில்லை.

சுவாமியார் பெரிய மண்ணிறக் கடதாசி வாங்கித் தந்தார். அதை நடுவால் மடித்து, மடிப்பிலிருந்து ஒரு பாதி வளைவை மட்டும் கீறினேன். கீழே நேராக எழும்பி, மேலே உள்நோக்கி வளைந்து, உச்சியில் மற்றக் காலைத் தொடவேண்டும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வெட்டினேன். விரித்தபோது முழு வளைவு வந்தது. அதைப் பார்த்த கணத்தில் எனக்கு உண்டான சந்தோசத்தை வேறொன்றோடும் ஒப்பிட மாட்டேன். பிறகு மடிப்பில் வெட்டி, இடப் பாதியை வடக்காருக்கும் வலப் பாதியைத் தெற்காருக்கும் அனுப்பினேன். விரித்த கை அளவே வேண்டாம் என்று, ஒரே கயிற்றைச் சமமான இரண்டு துண்டாக்கி, பாட்டுக்கு ஒன்றாக அளவுக்குக் கொடுத்தேன்.

திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் ஊர் முழுவதும் கோயில் வாசலில் கூடியது. வடக்கார் தங்கள் காலை நட்டார்கள். கமுகஞ் சலாகைச் சட்டம், அதன்மேல் குருத்தோலைப் பூக்கள், உச்சி அழகாக உள்நோக்கி வளைந்திருந்தது. பிறகு தெற்கார் தங்களுடையதைத் தூக்கி வந்து நட்டு, பாய்ச்சீலையை இழுத்தார்கள்.

அந்தக் கால் வடக்குக் காலுக்கு முதுகு காட்டுபவர்போல வெளிநோக்கி வளைந்து நின்றது. ஒரே காற்றுக்குச் சாய்ந்த இரண்டு தென்னைகள்போல, இரண்டு கால்களும் தெற்கே சாய்ந்திருந்தன. உயரம் மட்டும் ஓர் அங்குலமும் பிசகவில்லை.

பிறகு வடக்குப் பக்கத்திலிருந்து சிரிப்பு வெடித்தது. "தெற்கார் வளைவை வீட்டுக்குக் கூட்டிப் போறாங்கடா!" என்றான் ஒருவன்.

சம்மாட்டியாரின் முகம் கறுத்தது. "பாத்தியா?" என்று அப்பாவிடம் திரும்பினார். "நான் சொன்னன். கோணிப்போச்சு. இனிக் கருவாடுதான்."

அப்பா மணலைப் பார்த்தார். ஆனால் என் படத்தில் பிழை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"சம்மாட்டியார், நான் தந்த கடதாசியை எந்தப் பக்கமா வெச்சுக் கட்டினீங்க?" என்று கேட்டேன்.

தெற்குப் பாட்டு இளந்தாரி ஒருவன் பொறுக்காமல் வாய் திறந்தான். "அக்கா, நாங்க வடக்கு வாடியில எட்டிப் பாத்தம். அவங்கட கால் வலக்கைப் பக்கம் வளைஞ்சிருந்திச்சு. எங்களுக்கு மட்டும் இடக்கைப் பக்கம் வளைச்சுத் தந்திருந்தீங்க. எங்களுக்கு ஏன் இடக்கை எண்டு சம்மாட்டியார்தான் கடதாசியைத் திருப்பிப் போடச் சொன்னார்."

"எட்டிப் பாத்தீங்களோ!" என்று வடக்குச் சம்மாட்டியார் கத்தினார். "வழக்கத்த மீறினீங்களோ!"

இரண்டு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். சுவாமியார் கையைத் தூக்கியும் அடங்கவில்லை. நான் பத்தடி தள்ளிக் கரை மணலில் அம்மா விரித்திருந்த பாயில் பாதி காய்ந்து கிடந்த ஒரு கட்டாவை எடுத்துக்கொண்டு இரண்டு கால்களுக்கும் நடுவில் போய் நின்றேன். அதைத் தலைக்கு மேலே பிடித்தேன்.

"இது வடக்கு, இது தெற்கு" என்றேன் சத்தமாக. மூடினேன், திறந்தேன். "ரெண்டும் ஒரு மீன்தானே? இந்தக் கண்ணும் அந்தக் கண்ணும் ஒரே பக்கமாவோ பாக்குது? ஒண்ட ஒண்டு பாக்குது. அப்பதான் மூடினா மீன் ஆகும். இடக்கை வலக்கை எண்டு ஒரு குறைவும் இல்ல."

பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். அவர்கள் எல்லாரும் தினமும் மீன் பிளப்பவர்கள். "சரியாத்தானே சொல்றா!" என்று ஒருத்தி சொன்னாள். ஆண்களுக்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"விளங்குது," என்றார் தெற்குச் சம்மாட்டியார் எரிச்சலோடு. "இனி என்ன செய்ற? நாளைக்கு விடிஞ்சாப் பூசை. புதுசாக் கட்ட நேரம் இல்ல."

"புதுசாக் கட்ட வேணாம். பிடுங்கி முதுகைத் திருப்பி நட்டுவிடுங்க. பின்பக்கமா நிண்டா உள்ளுக்கு வளையும்."

"எங்கட சோடனை கோயிலப் பாத்து நிண்டா, வாற சனம் எதப் பாக்கும்? வெறும் சலாகையையா?"

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு அந்த இடத்தில்தான் வந்தது.

"போற சனம் பாக்கும். பூசை முடிஞ்சு மேற்றிராணியார் வெளிய வரக்குள்ள முதல்ல காணுறது உங்கட சோடனை."

அவர் தாடியைத் தடவினார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே வடக்கிலிருந்து குரல்: "அப்ப எங்கட முதுகு வெறும் சலாகையா நிக்கவோ? அது ஏலாது!"

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. தெற்கார் காலைப் பிடுங்கித் திருப்பி நட்டார்கள். கயிறு அளந்த உயரம் ஆகையால் உச்சியும் உச்சியும் தொட்டுக்கொண்டன. பெண்கள் வீடுகளுக்கு ஓடிக் குருத்தோலை கொண்டுவந்தார்கள். வடக்கார் தங்கள் பின்பக்கத்துக்கும் தெற்கார் தங்கள் முன்பக்கத்துக்கும் பூக்கட்ட உட்கார்ந்தார்கள். எந்தப் பூ எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டுத்தான் கட்டவேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பொருந்தாது. "மச்சான், உன்ட மூண்டாம் வரிசையில என்ன வெச்சிருக்கிறாய்?" என்று வடக்கான் ஒருவன் தெற்கானிடம் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். பொழுது சாயும்முன் வளைவு இரண்டு முகத்தோடு நின்றது. கடலிலிருந்து வந்தாலும் கோயிலிலிருந்து போனாலும் சமன். சிலுவை நேராக வானத்தைப் பார்த்தது.

மறுநாள் நான் வாசலோரமாக நின்று சனத்தைப் பார்த்தேன். முந்திய வருடங்களில் ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கி நுழைவார்கள். இந்த முறை யாரும் சொல்லாமலே எல்லாரும் நடுவால் நடந்தார்கள். கைக்குழந்தையோடு ஓரமாக வந்தவள்கூட வளைவை நெருங்கியதும் நாலடி விலகி நடுவுக்கு வந்தாள். மேற்றிராணியார் சிலுவைக்கு நேர்கீழே நின்று, ஒரு பக்கம் பார்த்து, மறுபக்கம் பார்த்து, தலையசைத்துவிட்டு உள்ளே போனார். இரண்டு சம்மாட்டிகளும் ஆளாளுக்கு, அவர் தன்னைப் பார்த்துத்தான் தலையசைத்தார் என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது தெற்குச் சம்மாட்டியார் சால்வையின் இரண்டு நுனியையும் இழுத்துச் சரிசெய்துகொண்டு அப்பாவிடம் வந்தார்.

"உன்ட மகளைக் கொழும்புக்கு அனுப்பு" என்றார். "இங்க வெச்சிருந்தா அடுத்த வருசம் என்ட வலையையும் திருப்பிப் போடச் சொல்லுவா."

அப்பா சிரித்தார். இந்த முறை நானும் சிரித்தேன்.

பாலாவியில் ரயில் ஏறும்போது அப்பா என் பெட்டியைத் தலையில் தூக்கிவந்து வைத்தார். பயிற்சிப் பள்ளியில் முதல் நாள், எழுதுமேசைக்குப் பின்னாலிருந்த அம்மையார் தலை நிமிராமலே, "பெண் பிள்ளைகள் எல்லாரும் தையல். உங்களுக்கும் தையல்தானே?" என்றார்.

"இல்லை அம்மா, கேத்திரகணிதம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வட்டம் கீறும் கவராயம் அப்போதே என் கையில் இருந்தது.