சமத்து

இரண்டு குழந்தைகள் சேர்ந்து அழுதால் ஆயாம்மா தன் பெண்ணை இரண்டாவதாகத்தான் தூக்குவாள். தையல் தொழிற்சாலையின் பின்பக்க அறையில், அங்கே வேலை செய்யும் பெண்களின் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்தபோது அவள் மகள் கைக்குழந்தை. சொந்தப் பிள்ளையை மட்டும் கவனிக்கிறாள் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்ற பயம். வருடங்கள் ஓடியும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டுக்கு யார் பிள்ளை வந்தாலும் மகளின் தட்டு கடைசிதான்.

அழுது பயனில்லை என்று கண்டதும் மகள் அழுவதையே விட்டுவிட்டாள். "என்னா சமத்து!" என்று தாய்மார்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

வேலையில் ஆயாம்மா கெட்டிக்காரி. பேச்சு வராத குழந்தையிடமும் ஓயாமல் பேசுவாள். "இது கை, இது கிண்ணம். கை கழுவாம தொட்டா கிண்ணம் கோச்சுக்கும்டா ராஜா." விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் வாண்டுகளையும் பிடித்து நிறுத்தித் தண்ணீர் குடிக்க வைப்பாள். தாய்மார்களிடம், "பிள்ளை அழுதா உடனே தூக்குங்கம்மா. தூக்கிக் கெட்டுப்போன பிள்ளை உலகத்துலயே கிடையாது" என்பாள். சொல்லும்போது தன் மகள் நினைவுக்கு வந்தாளா? வந்திருந்தாலும் அவள் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் சமத்து பள்ளிக்கே போவதில்லை என்பது, தலைமையாசிரியை போன் செய்த பிறகுதான் தெரிந்தது.

"எத்தனை நாளாடி இந்தக் கூத்து?"

மகள் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். பள்ளிக் கழிப்பறைக்குக் கதவு இல்லை. அங்கே போகாமலிருக்க நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். நீர்க்கடுப்பு வந்தது. பிறகு காய்ச்சல். அதையும் வெயில் சூடு என்று சொல்லி மறைத்து, பள்ளிக்குப் போவதையும் நிறுத்தியிருக்கிறாள்.

"உயிர் போற வலி, வாயே திறக்கலையே! அம்மான்னு நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் எதுக்கு இருக்கேன்?"

"சொல்லி என்னம்மா ஆகப்போகுது?"

குரலில் கோபமே இல்லை.

திங்கட்கிழமை காலை தாயோடு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லியிருந்தார்.

"நீ கேட்டுகிட்ட நில்லு. பிள்ளைங்களை என்கூட வேலை பாக்குற ஆயாகிட்ட விட்டுட்டு ஓடி வந்துடறேன். அந்தக் கதவைப் பத்தியும் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்."

"கண்டிப்பா வரணும்மா."

நினைவு தெரிந்து மகள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை அந்த ஆயா வேலைக்கு வரவில்லை. ஒரு குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தது. "நீயும் போயிட்டா இதுங்களை யாரு பாத்துக்குவா, தையல் மெஷினா?" என்றார் மேற்பார்வையாளர். மதியம் ஆள் வந்ததும் தலைதெறிக்க ஓடினாள்.

"ஒரு பொண்ணு ரொம்ப நேரம் நின்னுச்சும்மா. இப்பதான் போச்சு" என்றார் காவலாளி.

உள்ளே பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். எவ்வளவு கெஞ்சியும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்பதே பதில்.

வீட்டில் சீருடை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"வாந்தி எடுத்துச்சுடி அந்தப் பிள்ளை... நான் எப்படி..."

"பரவாயில்லம்மா. சாப்டியா?"

அடுத்த வருடம் யாரும் பார்க்கவில்லை. சமத்து இப்போது அதே தொழிற்சாலையில் பிசிறு நூல் வெட்டுகிறாள். காலையில் தாயும் மகளும் சேர்ந்துதான் வேலைக்கு நடக்கிறார்கள். மகளுக்குத் தர வேண்டிய அந்தத் திங்கட்கிழமைக் காலை ஆயாம்மாவிடம் அப்படியே பாக்கியாக நிற்கிறது. மகள் கேட்பதுமில்லை.