திரையில் நின்ற 95

"வெல்டிங்ல ஓட்டை உட்டுட்டியேப்பா! நாலு மணிக்கு பார்ட்டி வராங்க, இப்ப இன்னா பண்றது?"

போர்மேன் என்னைப் பார்த்துக் கத்தினார். பிள்ளைகளே, இது தேர்வாய் கண்டிகையில் நான் வெல்டராக இருக்கும் பட்டறையில் நடந்தது.

பட்டறையை நடத்தும் எங்கள் மேடம் ஒரு புது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைக் கண்டுபிடித்திருந்தார். காற்றில் கலந்திருக்கும் பொருளின் மூலக்கூறை எடை போட்டு, இன்ன பொருள் என்று சொல்லும் இயந்திரம் அது. வழக்கமாகப் பீரோ அளவு இருக்கும். அயனிகளைப் பிடித்துவைக்கும் கூண்டைப் புதுவிதமாகச் சுருக்கி, மேடம் அதை டிபன் கேரியர் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். "கேஸ் எங்க கசியுதோ அங்கயே தூக்கினு போலாம்ணா" என்பார். ஐந்து வருட உழைப்பு. அந்தக் கூண்டு உட்காரும் காற்றுப்புகாப் பெட்டியான ஸ்டீல் சேம்பரை வெல்டு செய்தவன் நான்.

பம்ப் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிய பிறகு திரை அநேகமாக வெறுமையாக இருக்கவேண்டும். அன்றைக்கு ஏதோ ஒரு பொருளின் எடையைக் காட்டும் கோடு நெட்டுக்குத்தாக நின்றது. வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்தால் அப்படியே திரும்பிவிடுவார்கள்.

மேடம் திரையை உற்றுப் பார்த்தார். "வெல்டிங் லீக்னா காத்து உள்ள வரும். நைட்ரஜனுக்கு 28லயும் ஆக்ஸிஜனுக்கு 32லயும் கோடு ஏறும். ஏறலையே! இது 95. அண்ணா மேல தப்பில்ல."

"அப்ப இன்னா மேடம் அது?" என்றார் போர்மேன்.

எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை, பட்டறையில் பூஜை. எல்லா மெஷினுக்கும் கற்பூரம் காட்டுவது என் வேலை. புது மெஷினாயிற்றே என்று, மூடாமல் இருந்த சேம்பருக்குள்ளேயே தட்டை நீட்டிச் சுற்றியிருந்தேன். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

"மேடம், நேத்து நான் கற்பூரம் காட்டுனேன். உள்ள."

போர்மேன் தலையில் அடித்துக்கொண்டார். "சாமிக்குக் காட்டுடான்னா, மெஷினு வாயில ஊட்டிக்கினு இருந்தியா!"

மேடம் திட்டவில்லை. "கற்பூரத்தோட எடை 152. அது உடைஞ்சா 95 வரும்! ஒரு வில்லை கொண்டாங்கண்ணா!"

ஓடிக் கொண்டுவந்தேன். மெஷின் காற்றை இழுக்கும் நுழைவாயிலில் மேடம் அதைக் காட்டினார். 95 விர்ரென்று ஏறியது! பக்கத்தில் 152!

"நேத்திக்குக் காட்டுன பொகைய இன்னிக்கு மோந்து சொல்லுதுண்ணா!" என்று மேடம் குதித்தார். நானும் குதித்தேன். போர்மேனும்தான்.

சேம்பரைச் சூடாக்கிப் புகையை விரட்டினோம். நாலு மணிக்கு வந்தவர்களிடம் மேடம் எதையும் மறைக்கவில்லை. முந்தின நாள் புகையை மெஷின் கண்டுபிடித்தது என்பதை அவர்களில் பெரியவர் நம்பவில்லை. ஒரு வில்லையை உள்ளங்கையில் நசுக்கி, சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, "வாசனையே இல்லியே" என்றார். அந்தக் கையை நுழைவாயிலில் வைத்தார். 95 எழுந்து நின்றது.

"இன்னாம்மா இது, மோப்ப நாயா!" என்று சிரித்தவர், இரண்டு மெஷினுக்கு ஆர்டர் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

இப்போது வெள்ளிக்கிழமைக் கற்பூரம் வாசல் கேட்டோடு சரி. ஆனால் ஒவ்வொரு புது மெஷினையும் மேடம் முதலில் சோதிப்பது கற்பூரத்தை வைத்துத்தான். செய்ததை அன்று நான் சொல்லாமல் விழுங்கியிருந்தால் இந்தச் சோதனையே கிடையாது. அந்த முதல் வில்லையை எடுத்துக் கொடுப்பது இன்றும் நான்தான்.