சோறு மிஞ்சிய மாதங்கள்

சமைக்கும்போது என் சித்தியின் கண் பானையில் இருக்காது. எதிர்மாடியில் காயும் துணிகளில் இருக்கும். காற்றில் உப்பி எழும் அந்தத் துணிகள் எங்கோ கிளம்பப் போகின்றன என்று அவர் நம்புவதுபோல் இருக்கும். அரிசியை அளப்பது கை மட்டும்தான். சோற்றை விட்டால் வயிற்றை நிரப்ப வேறொன்றும் இல்லாத வருடங்களில் பழகிய கை அது. டம்ளரைத் தலைதட்டாமல் கூம்பாக அள்ளும்.

சித்தி பை தைக்கும் கடையில் வேலை செய்கிறார். சித்தப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பள்ளி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் சித்தப்பாவின் வேலை நிரந்தரமானது. சம்பளமும் ஏறியது.

வீடு மெல்ல நிறம் மாறியது. பருப்பும் சோறும் மட்டும் இருந்த வீட்டுக்குள் முட்டை வந்தது, பால் வந்தது, வாரத்தில் பாதி நாள் மீன் வந்தது. மாலை வெயிலில் மேசைமேல் இருக்கும் பழங்கள் தாமாகவே ஒளிர்வதுபோல் இருக்கும். சித்தப்பா வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சித்தி பாலோடு நிற்பார். "இந்தப் பழத்தையும் சாப்பிடுங்க, அழுகிடும்."

அதே சமயம் பானையில் சோறு மிஞ்சத் தொடங்கியது. முதலில் ஒரு கரண்டி. பிறகு பாதிப் பானை. சித்தப்பா தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார். கேட்டால், "போதும்மா" என்பார்.

கடையில் பட்டன் தைக்கும் அக்காவிடம் சித்தி இதைச் சொல்லியிருக்கக் கூடாது. எல்லோரும் அந்த அக்காவைப் 'பட்டன்' என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் வாய்க்கு மட்டும் பட்டன் கிடையாது.

"சம்பளம் ஏறுச்சுல்ல? வேற எங்கேயோ தட்டு வெச்சுக் காத்திருக்காங்கடி உன் வீட்டுக்காரருக்கு."

"அவருக்கா? தலை சீவவே சோம்பல்படற மனுஷன்க்கா அவரு!" என்று சித்தி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு வீடு வரை வரவில்லை. வழியெல்லாம் மூடிய கதவுகளைப் பார்த்துக்கொண்டே என்னோடு நடந்தார். ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் தன் கணவர் கை கழுவிக்கொண்டிருப்பதுபோல.

மறுநாள் மதியம், "வா, ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாம்" என்று என்னை அழைத்துக்கொண்டு லாரிகள் நிற்கும் கொட்டகைக்குப் போனார். ஒரு தூணின் பின்னால் நின்று பார்த்தோம். சித்தப்பா தனியாகத்தான் இருந்தார். சித்தி கட்டிக்கொடுத்த டப்பாவிலிருந்த மீனை ரசித்துச் சாப்பிட்டார். முட்டையையும் முடித்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சோற்றைப் பிடி பிடியாக அள்ளித் தரையில் இறைத்தார். கொட்டகை முழுவதும் புறாக்கள் இறங்கின. சாம்பல் நிறச் சிறகுகளுக்கு நடுவே அவர் மிதப்பதுபோல் தெரிந்தது.

வேறு பெண் யாரும் இல்லை. ஆனாலும் சித்தியின் முகம் தெளியவில்லை. திரும்பும்போது ஒன்று மட்டும் கேட்டார்: "என் கை சமையல் அவ்வளவு வெறுத்துப்போச்சா?"

அதன்பின் வீட்டில் பேச்சு குறைந்தது. சித்தி தட்டை வைப்பார், சித்தப்பா சாப்பிடுவார், அவ்வளவுதான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. படகுகள் கடலுக்குப் போகவில்லை, சாலைகளில் சரக்கு லாரிகள் வரவில்லை. மீன்காரர் விலையைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. முட்டை, பால், பழம் எல்லாமே எட்டாத உயரத்துக்குப் போயின. விலை ஏறாமல் நின்றது அரிசியும் பருப்பும்தான். சித்தி அவற்றோடு நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலை சித்தப்பா, "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். போட்டார். "இன்னும்." பானையைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது.

"புறாக்களுக்கு மிச்சம் வைக்க வேணாமா?" என்றார் சித்தி.

சித்தப்பாவின் கை நின்றது. "பாத்துட்டியா?"

"பாத்தேன். பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே."

"பிடிக்காம இல்லம்மா. வந்ததும் பாலு, பழம், முட்டை. அப்புறம் மீனு. எல்லாம் நீ ஆசை ஆசையா வாங்கினது, வேணாம்னா மூஞ்சி வாடிடும். அதுக்கு மேல மலை மாதிரி சோறு. என் வயிறு என்ன தண்ணி லாரியா?"

"அப்போ வேற எங்கேயும்..."

"வேற எங்கே?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

சித்தி அப்படியே உட்கார்ந்தார். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாமல் தோள்கள் குலுங்கின. "அந்தப் பட்டனோட வாயைத் தைக்கணும்" என்றார். சித்தப்பா திருதிருவென்று என்னைப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சம்பளம் ஏறியதும் வீட்டுக்குள் வருவதெல்லாம் மாறியது. சித்தியின் கை மட்டும் அந்தப் பழைய வருடங்களிலேயே தங்கிவிட்டது.

மழை விட்டு மீன் மலிந்த முதல் நாள், சித்தி அரிசியை அளந்து, கொஞ்ச நேரம் பார்த்து, பாதியை மறுபடி டின்னில் கொட்டினார். மாலையில் சித்தப்பா மீனோடு சோற்றைப் பிசைந்து வேகமாக முடித்துவிட்டுத் தட்டை நீட்டினார்.

"தீர்ந்துபோச்சு" என்றார் சித்தி. அந்தக் குரலில் அவ்வளவு நிறைவு.

சித்தப்பா ஒரு பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.