பம்பரில் நான்கு பொட்டு

வாரண்டி முடிந்த மறு மாதமே என் கார், பின்னால் எடுக்கும்போதெல்லாம் ஆளே இல்லாத இடத்தில் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியும் அடங்கவில்லை. கோவில்பட்டி எலக்ட்ரீஷியன் ஸ்கேனரைச் செருகி, திரையில் வந்த எழுத்தை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் படித்தார். பின்பக்க சென்சார் நான்குமே கோளாறாம். ஒன்று போகலாம், நான்கும் ஒரே நாளிலா போகும்?

“என்னைக்கிருந்து கத்துது, அண்ணாச்சி?”

“ஆயுத பூஜைக்கு மறுநாள்ல இருந்து.”

அவர் பின்னால் போய்க் குனிந்தார். பம்பரில் வட்டமாக இருந்த சென்சார் ஒவ்வொன்றிலும் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகியிருந்தன. ஈரத்துணியால் துடைத்ததும் சத்தம் நின்றது.

“பொட்டு வைக்க வேற இடமே கெடைக்கலையா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் ஸ்கேனரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். திரைக்கு நட்டநடுவே காய்ந்த சந்தனப் பொட்டு.